ரோசலி வீட்டு வாசல்

"சாமி, பொய்ப்புல் விரிக்கிற வேலைய நேத்தோட விட்டுட்டேன்" என்றார் குழந்தைவேலு.

சாமி மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

குழந்தைவேலு மலைக்கிராமத்து வீடுகளுக்குச் செயற்கைப் புல் விரிக்கிறவர். ஐம்பது தாண்டியவர். சாமி அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். இருந்தாலும் சாமிதான் தன் குரு என்று குழந்தைவேலு வந்து உட்கார்ந்துவிட்டார்.

சாமி அவரை அண்ணே என்பார்.

"ஏண்ணே விட்டீங்க?"

"உசுருள்ள புல்லச் சுரண்டி எறிஞ்சிட்டு பிளாஸ்டிக்க ஆணியடிக்கிறேன். நீங்க மெய்யத் தேடச் சொல்றீங்க. கை நெறையப் பொய்ய வச்சுக்கிட்டு எங்க தேடுறது?"

"சரிதான்."

"அப்ப தீட்சை குடுங்க."

"குடுக்கலாம். கடைசியா யார் வீட்ல விரிச்சீங்க?"

"விரிக்கல சாமி. பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். மேட்டுத்தெருல ரோசலின்னு இருக்கால்ல, அந்தப் பொண்ணு வீடு."

"பாதின்னா?"

"புல்ல வழிச்சாச்சு. கிரஷர் கல்தூள் கொட்டி மட்டம் பண்ணியாச்சு. பொய்ப்புல் சுருள் ரெண்டும் வாசல்லயே கெடக்கு."

சாமி ஒரு பல் உரித்து முடித்தார்.

"தானா வளர்ற புல்ல விட்டுட்டு அந்தப் பொண்ணுக்கு இது எதுக்கு?"

"பொழுது சாஞ்சா காட்டுமாடு வருது. புல்லு மேய. ஒருநாள் நெலப்படிகிட்டயே வந்து நின்னுருக்கு. இவ அடுப்படியில இருந்துருக்கா. பிள்ளை தவழ்ந்து வெளிய போயிருச்சு."

"சிமெண்டு போடலாமே."

"மழைக்குப் பாசி பிடிச்சு வழுக்கும். வெறுமண்ணா விட்டா மறுபடி மொளச்சிரும்."

"ம்."

"புருசன் செத்துட்டான். மாமனார் இன்னைக்குச் சாயங்கால பஸ்ல வர்றாராம். வாசல் பயமில்லாம இருந்தா பிள்ளை இங்க இருக்கட்டும், இல்லேன்னா வத்தலக்குண்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டாராம்."

சாமி இப்போதுதான் நிமிர்ந்தார்.

"இத மொதல்ல சொல்லலியே."

"அது அவங்க குடும்ப விசயம் சாமி. நான் கேட்டது மெய் எது, பொய் எதுன்னு."

சாமி மடியிலிருந்த பூண்டுத்தோலைத் தட்டிவிட்டு எழுந்து நடந்தார்.

குழந்தைவேலு பின்னால் போனார்.

ரோசலி இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்றாள். குழந்தைவேலுவைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. ஞானம் ஏறிருச்சுன்னு ஓடுனீங்க. எறங்கிருச்சா?"

அவர் வேலிப் பக்கம் பார்த்தார்.

"சாமி, பூசை ஏதும் வேணாம்" என்றாள் ரோசலி. "எனக்கு ஆணியடிக்க ஆளு வேணும்."

"அதுக்குத்தாம்மா வந்தேன்" என்றார் சாமி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் சுருளை உருட்டினார். பக்கத்தில் இரண்டாவதை உருட்டினார். அது பாதி தூரம் போனதும் கோணிக்கொண்டது.

குழந்தைவேலு வேலியோரம் கை கட்டி நின்றார்.

சாமி ஓர் ஆணியை எடுத்தார். முதல் அடி விரலில் விழுந்தது.

"சாமி, அது தப்பு."

"எது?"

"ரெண்டாவத மாத்திப் போட்டுட்டீங்க. புல்லு ரெண்டும் ஒரே பக்கமாச் சாயணும். இப்பப் பாருங்க, ஒண்ணு வெளுத்து ஒண்ணு கறுத்துத் தெரியுது."

"பொய்ப்புல்லுதானே அண்ணே. எப்படிச் சாஞ்சா என்ன?"



சாமி இன்னோர் ஆணி அடித்தார். அது பாதிதான் இறங்கியது. தலை மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அடுத்த ஆணிக்குப் போனார்.

பிள்ளை ரோசலி இடுப்பிலிருந்து இறங்கத் திமிறியது.

"எறக்கிராத தாயி!" என்று கத்தினார் குழந்தைவேலு.

வேலியை விட்டு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார்.

"தள்ளுங்க சாமி."

சாமி தள்ளிக்கொண்டார்.

குழந்தைவேலு ஆணிகளைப் பிடுங்கினார். சுருளைத் திருப்பிப் போட்டார். ஓரத்தைக் கட்டரால் சீவினார். இரண்டையும் சேர்த்து அடியில் நாடா வைத்துப் பசை தடவி அழுத்தினார். ஆணி அடிக்கிற இடமெல்லாம் புல்லை விரலால் வகிர்ந்து, அடித்து, மறுபடி மூடினார். தலை வகிடு எடுப்பதுபோல் இருந்தது.

முழங்கால் வலித்தது. ஒருமுறை "அப்பா" என்றார்.

எல்லாம் முடிந்தபின் குப்புறப் படுத்தார். ஒட்டு வைத்த இடம் நெடுக கன்னத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே போனார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்றாள் ரோசலி.

"பிள்ளை மூஞ்சி படுற எடம்."

ஓரிடத்தில் நிறுத்தினார். ஓர் ஆணியை இன்னும் கொஞ்சம் உள்ளே தட்டினார். மறுபடி கன்னத்தை வைத்தார்.

மாமனார் சவரிமுத்து வந்து சேர்ந்தபோது பனிமஞ்சு இறங்கியிருந்தது. தோளில் காலிப் பை. பிள்ளையின் துணிமணிக்காகக் கொண்டுவந்தது.

வாசலைப் பார்த்தார். காலால் அழுத்திப் பார்த்தார்.

"மாமா, காபி போடவா?"

"மொதல்ல அந்தக் காட்டுமாடு வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

எல்லாரும் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார்கள். பிள்ளையை ரோசலி இறுக்கிப் பிடித்திருந்தாள். அது சிணுங்கியது. அவளால் பிடியைத் தளர்த்த முடியவில்லை.

வந்தது. வேலி ஓரமாக, பாறை நகர்ந்து வருகிற மாதிரி. தலையைத் தாழ்த்தியது. பொய்ப்புல்லை மோந்தது. ஒருதரம் மூச்சை உஸ்ஸென்று விட்டது. பிறகு திரும்பி, ஓடைப் பக்கம் ஏறிப் போய்விட்டது.



சவரிமுத்து பையைச் சுருட்டினார். கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"காபியப் போடு தாயி" என்றார்.

ரோசலி பிள்ளையைத் தரையில் இறக்கினாள். சமையற்கட்டுக்குள் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்து குழந்தைவேலு பக்கம் திரும்பினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எத்தனை நாளைக்குங்க? பெருமழைக்குப் பிச்சுக்கிட்டுப் போயிராதா?"

குழந்தைவேலு சாமியைப் பார்த்தார். சாமி அடிபட்ட விரலை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஓரம் தூக்கும்" என்றார் குழந்தைவேலு. "மழை விட்டதும் நான் வந்து அடிச்சுத் தருவேன்."