அரசர் திரை விலக்கிய வீதி

முன்னொரு காலத்திலே, விசயகண்டன் என்ற அரசருக்கு விடிந்ததும் விடியாததுமாக ஓர் ஆசை பிறந்தது. தலைநகருக்கு வரும் பிறதேசத்தார் வாயைப் பிளந்து பார்க்க ஒரு காட்சி மாளிகை வேண்டும்! அரசர் ஆசைப்பட்டுவிட்டால் கேட்கவா வேண்டும்? மலையிலிருந்து கல் வந்தது, கல்தச்சர்கள் வந்தார்கள், மாளிகை எழுந்தது. கட்டும்போது தூண் ஒன்று சரிந்து சடையன் என்ற கல்தச்சன் நசுங்கிச் செத்தான். பாவம், அதை யாரும் அரசர் காதில் போடவில்லை.

மாளிகைக்குப் பின்புறம் கல்தச்சர்களின் குடிசைகள் இருந்தன. மாளிகையைப் பார்க்கப் பிறதேசத் தூதர்கள் வருவதற்கு முன் யானைகளை விட்டு அவற்றை இடித்துவிடலாம் என்றார் தளவாய் மருதப்பர். அரசரும் எட்டிக்கூடப் பார்க்காமல் தலையசைத்துவிட்டார்.

சேதி கேட்டு அரசவை விகடகவி வேம்பன் குடிசைப் பக்கம் போனான். சடையனின் மனைவி பூவாயி கைக்குழந்தையோடு நின்றாள்.

"எம் புருசன் உசுர விட்டதே இந்த மாளிகைக்குத்தான் ஐயா. மழைக்காலத்துல இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

ஊரையே சிரிக்க வைக்கும் வேம்பன் அன்று சிரிப்பை மூட்டைகட்டி வைத்தான். நேரே சபைக்குப் போய்க் குடிசைகளுக்காக மன்றாடினான். அவன்மேல் நெடுநாளாக வயிற்றெரிச்சல் கொண்டிருந்த தளவாய்க்கு இதுதான் சமயம்.

"அரசே, மாளிகையின் கடைசி அறை காலியாக உள்ளது. எந்தத் தேசத்து மாளிகையிலும் இல்லாத அதிசயத்தை வேம்பனார் அங்கே வைக்கட்டும். முடியாவிட்டால் குடிசைக்காரர்களோடு அவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

அரசருக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. வேம்பன் வணங்கிவிட்டுப் பூவாயியிடம் திரும்பிப் போனான்.

"வர்றவங்க எல்லாரும் உங்க வீதியப் பாப்பாங்கம்மா. சம்மதமா?"

"பாக்கட்டும் ஐயா. பாக்காமத்தானே இடிக்கச் சொன்னாங்க."

மாளிகைக்கென்று அரசர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு பொருளின் முன்னும் தொங்கும் திரையை அவரே விலக்குவார். விலக்கியபின் அந்தப் பொருளை யாரும் அசைக்கக் கூடாது. சேதப்படுத்தினால் கையை வெட்டிவிடுவார்கள். ஊரெங்கும் பறையறைந்து சொன்ன ஆணை அது.

திறப்பு நாளும் வந்தது. தங்கத் தேர், யானைத் தந்தம் என்று ஒவ்வொரு திரையாக விலக்கிக்கொண்டு அரசர் கடைசி அறைக்கு வந்தார். பின்சுவரில் தொங்கிய திரையை இழுத்தார். அங்கே பொருள் எதுவும் இல்லை. பெரிய சாளரமும், அதற்கப்பால் கல்தச்சர் வீதியும்தான் இருந்தன. வாசலில் பூவாயி ஓர் உளியின் முன் ஒரு பிடிச் சோற்றை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் படைக்கிறாள் அவள்?" என்றார் அரசர்.

"தூண் விழுந்து செத்த தன் கணவன் சடையனுக்கு, அரசே. இறந்தவனின் உளிக்கு முதல் பிடி வைப்பது அவர்கள் வழக்கம். தன்னைக் கட்டியவர்களைக் காட்டும் மாளிகை வேறெந்தத் தேசத்தில் உண்டு?"

அரசர் முகம் வாடிற்று. "எனக்கு யாருமே சொல்லவில்லையே!" என்றார்.

தளவாய் பதறினார். "இது காட்சியா, கேலியா? யானைகள் காத்திருக்கின்றன, அரசே!"

"தாராளமாக இடியுங்கள், தளவாயே. ஆனால் கையை முதலில் நீட்டிவிடுங்கள். திரையை விலக்கியவர் அரசரல்லவா?" என்றான் வேம்பன்.

தளவாய் சட்டென்று இரண்டு கைகளையும் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும், கலங்கிய கண்ணோடேயே அரசர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என் ஆணையாலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டாயே!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார்.

"மழை வந்தால் காட்சி நனையுமே, அரசே?" என்றான் வேம்பன்.

"நனையாது. தளவாயே, இன்றே ஆட்களோடு போய்க் கூரை வேயும். ஒழுகினால் நீர்தான் பதில் சொல்ல வேண்டும்."

மறுநாள் தூதர்கள் வந்தார்கள். அரசர் தங்கத் தேரைத் தாண்டி அவர்களை நேரே சாளரத்துக்கு அழைத்துப் போனார். "சடையன் என்று ஒருவன் இருந்தான்" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.