ஆறுதல் சொல்ல வந்த நரி

ஆபத்து வந்தால் மற்ற விலங்குகள் புதருக்குள் பதுங்கும். வரையாடு மேலே ஓடும். செங்குத்துப் பாறையில் நாலு தாவு தாவி, ஒரு சாண் அகல விளிம்பில் நின்றுகொண்டு, கீழே மூச்சு வாங்கும் பகைவனைச் சாவகாசமாகப் பார்க்கும்.

ஆனைமலை உச்சியில் அப்படி ஒரு வரையாட்டுக் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் கருவிழி என்றொரு பெண் ஆடு. அவளுக்கு அப்போதுதான் முதல் குட்டி. பெயர் சிண்டு. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஆடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாறை ஏறும்போது தாய் முன்னால் போவாள், குட்டி பின்னால் வரும். தாய் திரும்பிப் பார்க்கமாட்டாள். திரும்பினால் குட்டி அவள் முகத்தைப் பார்க்கும். முகத்தைப் பார்க்கிற குட்டி கால் வைக்கிற இடத்தைப் பார்க்காது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் கருவிழி மேலே ஏறினாள். வழக்கப்படி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கற்கள் உருளும் சத்தம் கேட்டது.

"அம்மா!"

சிண்டு வழுக்கி, கீழ்விளிம்பில் போய் விழுந்து கிடந்தான். இரண்டு ஆடு உயரம் இருக்கும். முன்னங்காலில் சிராய்ப்பு. நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைப்பு.

கருவிழி ஒரே தாவாக இறங்கினாள். காயத்தை நக்கினாள். சிண்டு கொஞ்ச நேரம் கத்தினான். பிறகு பால் குடித்தான். பிறகு ஒரு வண்ணத்துப்பூச்சியை முட்டப் போனான்.

குட்டி அழுகையை நிறுத்திய பிறகுதான் தாய்க்கு ஆரம்பித்தது.

"நான் திரும்பிப் பார்த்திருக்கணும். பாசி இருக்கும்னு தெரிஞ்சும் ஏறினேனே! எனக்கு எதுக்கு ஒரு குட்டி?"

பக்கத்தில் நெட்டைக்கொம்பி மேய்ந்துகொண்டிருந்தாள். மூன்று குட்டிகளைப் பெற்று வளர்த்தவள். வாயிலிருந்த புல்லை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "ஏம்புள்ள, அவன் பால் குடிச்சான், பூச்சி விரட்டுறான். நீ எதுக்கு இன்னும் விழுந்து கிடக்கறே?"

"உனக்கென்ன! உன் குட்டி விழுந்தா தெரியும்."

"என் மூத்தவன் விழுந்ததை எண்ணினேன். ரெண்டாவது பொறந்ததும் எண்ண நேரமில்லாம விட்டுட்டேன்!"

கருவிழிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் முன்னால் ஏறுவதை விட்டுவிட்டாள். குட்டியை முன்னால் விட்டு, பின்னாலேயே போனாள். அவன் வயிற்றுக்கடியில் மூக்கை முட்டுக் கொடுத்தாள்.

"அம்மா, உன் மூக்கு குத்துது!"

"குத்தினா குத்தட்டும். நட."

"நீ இருக்கியா?"

"இருக்கேன்."

"இப்பவும் இருக்கியா?"

அம்மா இருக்கிறாளா என்று பார்க்கத் திரும்பித் திரும்பியே சிண்டு மறுபடி வழுக்கினான். அடுத்த நாளும் வழுக்கினான். கருவிழி மேய்வதையே குறைத்துவிட்டாள். பாலும் குறைந்தது.

பாறையின் அடிவாரத்தில் ஒரு நரி இருந்தது. வரையாட்டுக் குட்டி தின்ன அதற்கு வெகுநாள் ஆசை. ஆனால் பாறை ஏற வராது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். கருவிழியின் புலம்பல் நாள் முழுக்க அதன் காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு மதியம் நரி பாறைக்கடியில் வந்து உட்கார்ந்தது.

"அம்மணி! குழந்தைக்கு அடிபட்டிருச்சாமே! மனசே கேக்கலீங்க!"

கருவிழி கொம்பைத் தாழ்த்தினாள். "நீ நரி!"

"நரிதானுங்க. நான் மறைச்சேனா? ஆறு குட்டி வளர்த்தவன். ஒண்ணுகூட ஒரு தடவைகூட விழுந்ததில்லைங்க!"

நரிக்குட்டி வளைக்குள் பிறந்து வளைக்குள் வளர்வது. அது எங்கிருந்து விழும்? கருவிழிக்கு அது தோன்றவில்லை. 'ஒரு தடவைகூட' என்ற சொல் மட்டும் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"எப்படி வளர்த்தே?" என்று கேட்டுவிட்டாள்.

"சமதரைதானுங்க! அந்த ஓடைக்கரையைப் பாருங்க. பஞ்சு மாதிரி புல்லு. மத்த தாய்க எல்லாம் குழந்தை உருண்டாலும் மேஞ்சுட்டே இருக்குதுக. உங்களை மாதிரி துடிக்கிற தாயை நான் பார்த்ததே இல்லைங்க அம்மணி!"

இத்தனை நாளில் அவளை நல்ல தாய் என்று சொன்னது ஒரே ஒரு வாய்தான். அது நரியின் வாய்.

"நீ கிட்ட வந்தா?"

"உங்க கொம்புக்கு முன்னாடி ஒத்தை நரி என்ன செய்ய முடியும்? நான் ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்துக்கறேன்."

அது உண்மைதான். ஒற்றை நரியை ஒரு வரையாடு முட்டித் துரத்திவிடும். கருவிழி யோசித்தாள். மறுநாள் காலை சிண்டுவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நெட்டைக்கொம்பி மேலிருந்து கத்தினாள். "அடியே! நமக்குப் பாறைதான் வீடு! அங்கே போய் எதுல ஏறுவே?"

"என் குட்டி ஏறவே வேண்டாம்!" என்று கருவிழி திரும்பாமல் சொன்னாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் புதருக்குள் நரியின் மனைவி காத்திருந்தது.

"வந்தாச்சே! பாயலாமா?" என்றது.

"அவசரக்குடுக்கை! இன்னைக்குப் பாய்ஞ்சா ஓடிப்போய்ப் பாறையில ஏறிக்குவாங்க. குட்டியோட கால் பாறையை மறக்கணும். அதுவரைக்கும் பொறு."

"அதுவரைக்கும் எதைத் தின்கிறது?"

"நண்டு பிடி!"

நாட்கள் போயின. சிண்டு கொழுத்தான். பாறையில் உரசாத குளம்பு ஓரங்கள் வளர்ந்து மெத்தென்று ஆயின. ஆனாலும் அவன் குட்டி. ஒரு நாள் துள்ளும்போது புல்முடிச்சில் கால் தடுக்கிக் குப்புற விழுந்தான். உதட்டில் கீறல்.

கருவிழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புல்லிலும் விழுவானா?

நரி ஓடைக்கு அப்பாலிருந்து உச்சுக் கொட்டியது. "அடடா! புல்லு நீளமுங்க அம்மணி. இன்னும் கீழே வாங்க. அங்கே பாசி மெத்தை மாதிரி இருக்கும்."

அவள் இன்னும் கீழே போனாள். பாறை இன்னும் தூரமானது.

சிண்டு ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தான். உயரே, அவன் வயதுக் குட்டிகள் விளிம்பு விட்டு விளிம்பு தாவிக்கொண்டிருந்தன. ஒன்று வழுக்கியது. எழுந்தது. மறுபடி தாவியது.

"அம்மா, நான் எப்போ போறது?"

"அங்கே போனா விழுவே, கண்ணு."

"விழுந்தா எழுந்துக்குவேன்ல?"

கருவிழி குனிந்தாள். அவனை நக்கிக்கொடுத்தாள். புடைப்பு எப்போதோ வற்றிப்போயிருந்தது. அது எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை. மனதுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கீழே இறங்கிய பதின்மூன்றாம் நாள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது. ஓடை மறைந்தது. புதர்கள் மறைந்தன. அப்போது மேலிருந்து ஒரு சீழ்க்கை. நெட்டைக்கொம்பியின் குரல். பகைவன் என்று அர்த்தம்.

கருவிழி காதை நிமிர்த்தினாள். இடப்புறம் புல் அசைந்தது. நரி! அவள் கொம்பைத் தாழ்த்திப் பாய்ந்தாள். நரி பின்வாங்கியது. ஓடவில்லை. சும்மா பின்வாங்கியது.

"அம்மா!"

திரும்பினாள். வலப்புறத்திலிருந்து இன்னொரு நரி சிண்டுவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஒத்தை நரின்னு சொன்னியே!" என்று அலறினாள்.

"ஒத்தை நரி என்ன செய்ய முடியும்னு கேட்டேன். அதான் ரெண்டு பேரா வந்தோமுங்க அம்மணி!" என்றது நரி.

கருவிழி இரண்டாம் நரியை இடித்துத் தள்ளினாள். "ஓடு சாமி, பாறைக்கு ஓடு!"

ஓடினார்கள். வெகுதூரம் ஓட வேண்டியிருந்தது. பாறை அடியை எட்டியபோது நரிகள் இருபது அடி பின்னால் வந்தன.

"ஏறு!"

சிண்டு தாவினான். மெத்தென்ற குளம்பு வழுக்கியது. விழுந்தான். தாவினான். விழுந்தான். ஒவ்வொரு முறையும் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்த பயம் அவன் காலில் இறங்கியது.

மேலிருந்து நெட்டைக்கொம்பி கத்தினாள். "முன்னால ஏறுடி! அவன் உன் மூஞ்சியைப் பார்க்கறான், பாறையைப் பார்க்கலே!"

"அவனை விட்டுட்டா?"

"அவனுக்கு வழி காட்டிட்டு! ஏறு!"

கருவிழி நரிகளை நோக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்தாள். அவை பத்தடி தள்ளிச் சிதறின. கிடைத்தது நாலு மூச்சு நேரம். அவள் குட்டியின் காதருகே குனிந்து, "நான் கால் வைக்கிற இடத்துல வை" என்றாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு ஏறினாள்.

வாழ்க்கையில் அதைவிடக் கடினமான காரியம் அவள் செய்ததில்லை.

ஒரு விளிம்பு. பின்னால் குளம்புச் சத்தம். இரண்டாவது விளிம்பு. கற்கள் உருண்டன. அவள் கழுத்து திரும்பத் துடித்தது. திரும்பவில்லை. 'தொப்' என்று ஒரு சத்தம். ஒரு முனகல். அவள் நின்றாள். பாறையைப் பார்த்தபடியே சொன்னாள்: "வலது பக்கம் ஒரு வெடிப்பு இருக்கு, கண்ணு. அதுல கால் வை."

சத்தம் இல்லை.

பிறகு ஒரு குளம்பு. இன்னொரு குளம்பு.

மூன்றாவது விளிம்பில் அவள் பின்னங்காலில் ஈர மூக்கு ஒன்று பட்டது. அப்போதுதான் திரும்பினாள். சிண்டு நின்றுகொண்டிருந்தான். முழங்கால் உரிந்திருந்தது. மோவாயில் ரத்தம். நெற்றியில் புதுப் புடைப்பு, இந்த முறை எலுமிச்சை அளவு. கண்கள் மட்டும் பளபளத்தன.

"நான் ஏறிட்டேன்!"

கீழே நரிகள் குதித்துக் குதித்துப் பார்த்தன. எட்டவில்லை. நரிக்கு ஒரே ஓர் ஆயுதம் பாக்கி இருந்தது. குரலை இளக்கிக்கொண்டது.

"ஐயையோ அம்மணி! குழந்தை வாயில ரத்தம் வருதுங்களே! திரும்பிக்கூடப் பார்க்காம ஏறினீங்களே! பெத்தவ செய்யற காரியமா இது? கீழே வாங்க, ஓடைத் தண்ணியில கழுவிவிடலாம்!"

கருவிழியின் நெஞ்சில் பழைய முள் அப்படியேதான் இருந்தது. அவள் குனிந்து குட்டியின் மோவாயை நக்கினாள். கால்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். எலும்பு சரியாக இருந்தது. சிண்டு அதற்குள் மடியைத் தேடிப் பால் குடிக்கத் தொடங்கிவிட்டான்.

அவள் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள்.

"ஆமா, என் குட்டி விழுந்தான்! நான் நல்ல அம்மாவும்தான்! ரெண்டும் ஒரே நாள்ல நடக்கும்!"

நரியின் மனைவிதான் வாய் திறந்தது. "உன் ஆறுதலைக் கேட்டு நண்டு தின்னதுதான் மிச்சம்!" என்று அது முன்னால் நடந்தது. நரி பின்னால் போயிற்று.

நெட்டைக்கொம்பி இறங்கி வந்து கருவிழியின் பக்கத்தில் நின்றாள். "இந்தப் புல்லு இளசா இருக்கு, தின்னு" என்று மட்டும் சொன்னாள்.

கருவிழி பல நாளைக்குப் பிறகு வயிறார மேய்ந்தாள். கவலை போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒரு காது சிண்டுவின் பக்கமே இருந்தது. ஆனால் வாய் மேய்கிற அளவுக்குக் கவலை சிறுத்திருந்தது. சற்று மேலே கற்கள் உருண்டன. "ஒண்ணுமில்லேம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. அவள் அடுத்த வாய்ப் புல்லைக் கடித்தாள்.

குழந்தையின் சின்னக் காயத்தை நாள்கள் ஆற்றிவிடும். பெற்ற மனதின் குற்ற உணர்ச்சியைத் தடவிக்கொடுத்தே கீழே இறக்குகிறவனிடம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.