சூரைப்புதர் இல்லாத மைதானம்

குளத்தை ஒட்டிய காட்டில் குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. இலுப்பை மரத்தடிதான் வகுப்பறை. பாடம் சொல்லிக்கொடுத்தது ஒரு மைனா. பள்ளிக்குத் தலைவர் கருமுகன் என்ற காட்டெருமை.

மரத்துக்கு முன்னால் விளையாட்டு மைதானம். மைதானம் என்று பேர்தான்! ஒரு மூலையில் சூரைமுள் புதர். இன்னொரு மூலையில் சேற்றுக்குழி. நடுவிலே எங்கே பார்த்தாலும் கல். மழை பெய்தால் வழுக்கும். வெயில் அடித்தால் உட்கார இடம் இருக்காது.

ஒருநாள் கருமுகனின் கன்று துள்ளி ஓடும்போது கல் தடுக்கிப் புதருக்குள் விழுந்தது. உடம்பெல்லாம் முள்! கன்று வலி தாங்காமல் கதறியது. மைனா ஒவ்வொரு முள்ளாக அலகால் பிடுங்கியது. பக்கத்தில் நின்று பார்த்த கருமுகனுக்குக் கண் கலங்கியது.

"போதும்! இது பள்ளிக்கூடமா, முள்ளுக்காடா? நானே இதைத் திருத்தப்போகிறேன்!" என்றது கருமுகன்.

மறுநாள் எல்லாப் பெற்றோரும் மரத்தடியில் கூடினார்கள்.

"கல்லை எல்லாம் தள்ளிவிடுகிறேன். சேற்றுக்குழியை மூடிவிடுகிறேன். புதரை வேரோடு பிடுங்கிவிடுகிறேன். பிள்ளைகள் புரண்டு விளையாட மெத்தை மாதிரி புல் வளரட்டும்!" என்றது கருமுகன்.

"அப்படியே செய்யுங்கள்!" என்று மான்கள் குதித்தன.

பொறிச்சி என்ற கௌதாரி மட்டும் தயங்கித் தயங்கி முன்னால் வந்தது. அதன் குஞ்சு குன்றியும் அங்கேதான் படித்தது.

"தலைவரே, கல்லை எடுங்கள், சேற்றை மூடுங்கள். புதரை மட்டும் விட்டுவிடுங்கள்!"

"ஏன் அம்மா? அந்த முள்ளால் யாருக்கு என்ன பயன்?"

"வல்லூறு வந்தால் என் குன்றி அதற்குள்தான் ஓடி ஒளிவான். முயல்குட்டிகளும் அப்படித்தான்."

கருமுகன் சிரித்தது. அது கெட்ட சிரிப்பு இல்லை. அதற்கு உண்மையிலேயே புரியவில்லை.

"வல்லூறா! நான் இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒரு வல்லூறும் என்னைத் தொட்டதில்லையே!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பொறிச்சி மைனாவைப் பார்த்தது.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்களே!"

மைனா பார்த்திருந்தது. எத்தனையோ முறை அதுவே குரல் கொடுத்துக் குஞ்சுகளைப் புதருக்குள் விரட்டியிருக்கிறது. ஆனால் தலைவரின் முகத்தைப் பார்த்தது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தையும் பார்த்தது.

"தலைவர் எது செய்தாலும் நம் நல்லதுக்குத்தான் செய்வார்" என்று சொல்லிவிட்டுச் சிறகைக் கோதத் தொடங்கியது.

பொறிச்சி கூட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

கருமுகன் அன்றே வேலையில் இறங்கியது. கொம்பால் புதரைப் பெயர்த்தது. நெற்றியால் கற்களைத் தள்ளியது. மூக்கெல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. அதை அது பொருட்படுத்தவில்லை. மழை வந்தது. அறுகம்புல் பச்சைப்பசேல் என்று படர்ந்தது. மைதானம் பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. மான்குட்டிகள் ஓடின. கன்று பயமில்லாமல் துள்ளியது. குன்றிகூடப் புல்லில் உருண்டு உருண்டு விளையாடியது.

'நான்தான் வீணாகப் பயந்துவிட்டேனோ?' என்று பொறிச்சியே நினைத்தது.

ஒருநாள் காலை, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தபோது, வானத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

"வல்லூறு! ஓடுங்கள்! ஒளியுங்கள்!" என்று மைனா அலறியது.

முயல்குட்டிகள் மைதானத்தின் ஓரத்தில்தான் இருந்தன. ஒரே பாய்ச்சலில் மரவேருக்குள் நுழைந்துகொண்டன. மான்குட்டிகள் மரத்தடிக்கு ஓடின. கன்று நின்ற இடத்திலேயே நின்றது. குன்றியும் ஓடியது. ஆனால் அது மரத்தடிக்கு ஓடவில்லை. பழகிய கால்கள் அதைப் பழைய மூலைக்கே கொண்டுபோயின. அங்கே வெறும் புல்தான் இருந்தது. குன்றி அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

"டீச்சர்! புதர் எங்கே? புதரைக் காணோமே!"

மைனா பதில் சொல்வதற்குள் நிழல் இறங்கியது.

சத்தம் கேட்டுக் கருமுகன் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து வந்தது. புல்மேல் சில இறகுகள்தான் கிடந்தன. வல்லூறு குளத்தைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய கொம்பு அந்த உயரத்துக்கு எட்டவில்லை.

பொறிச்சி வந்து இறகுகளின் பக்கத்தில் உட்கார்ந்தது. அது அழவில்லை.

"அம்மா, நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்" என்றது கருமுகன்.

"தெரியும், தலைவரே. உங்கள் கன்றுக்கு நல்லதுதான் நடந்தது."

மைனா தலைகுனிந்து நின்றது. பொறிச்சி அதன் பக்கம் திரும்பியது.

"இன்றைக்கு நீங்கள் கத்தியது அக்கரை வரைக்கும் கேட்டது, டீச்சர். அன்றைக்கு மெல்லச் சொல்லியிருந்தாலே போதுமே!"

அன்று மாலையே பொறிச்சி தன் மற்றக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டது. சில நாளில் முயல்களும் போயின.

கருமுகன் மலைச்சரிவிலிருந்து சூரைச் செடிகளைக் கொம்பில் சுமந்து வந்து மறுபடியும் நட்டது. நட்டவற்றில் பல வாடிப்போயின. மைனா குளத்திலிருந்து அலகில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. பிழைத்த சில செடிகளும் மெல்லத்தான் வளர்ந்தன.

"இதற்குள் யார் ஒளிவார்கள், அப்பா?" என்று கேட்டது கன்று.

கருமுகன் திரும்பிப் பார்த்தது. மைதானத்தில் மான்குட்டிகளும் கன்றும் மட்டும்தான் இருந்தன. அவற்றில் எதற்கும் அந்தப் புதர் தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் பொதுவான இடத்தைத் திருத்துகிறவர்கள், அங்கே இருப்பவர்களில் மிகச் சிறியவரின் பயத்தை முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.