‘கதறினாள்’ என்றொரு வரி

“ரெண்டுல ஒண்ணை விட்டுடலாம்னு இருக்கேன் மேடம்,” என்றான் தேவசகாயம்.

வங்கி வேலையை உதறிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவன். ஆங்கில இலக்கியமும் இதழியலும் சேர்ந்த படிப்பு. இரண்டையும் நடத்துகிற சுஹரா மேடம் அவனைவிட வயதில் இளையவர்.

“எதை விடப் போறீங்க?”

“அதுதான் தெரியலை. காலையில ஒரு விதவையோட துக்கத்தைப் பக்கம் பக்கமாப் படிக்கிறோம். மத்தியானம் அதே நீங்க வந்து, ‘இறந்தவருக்கு மனைவியும் தாயும் உள்ளனர்’னு ஒரே வரியில முடிக்கச் சொல்றீங்க. நான் எதைத்தான் கத்துக்கிறது?”

 சுஹரா மேஜைமேல் கிடந்த மாணவர் இதழை எடுத்தார். துறையே தமிழில் நடத்துகிற இதழ். முதல் பக்கத்தில் தேவசகாயம் எழுதிய செய்தி. மழையில் சுவர் இடிந்து விழுந்து முருகையா என்கிற கொத்தனார் இறந்துபோன செய்தி.

ஒரு வரியில் விரலை வைத்தார்.

“‘மனைவி பேச்சியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள்.’ இதை யார் பார்த்தது?”

“போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் பண்ணி விவரம் வாங்கினேன் மேடம். ரொம்ப வறட்சியா இருந்தது. கொஞ்சம் இலக்கியம் சேர்த்தேன்.”

“யார் பார்த்தது?”

“புருஷன் செத்தா பெண்டாட்டி அழ மாட்டாளா?”

“அதை என்கிட்ட கேட்டா எப்படி?”

மறுநாள் அவன் பேச்சியம்மாளின் ஊருக்குப் பஸ் ஏறினான்.

பேச்சியம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் பேரைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தான்.

“நீங்கதான் எழுதினதா? ரொம்ப உபகாரம் சார்.”

அவனுக்குப் புரியவில்லை.

“நான் அழலை. அடக்கத்தன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. கல்நெஞ்சுக்காரின்னு சொந்தக்காரங்க எல்லாம் ஏசினாங்க. உங்க காலேஜ்ல படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை உங்க பேப்பரைக் கொண்டாந்து சத்தமா வாசிச்சுது. கதறினாள்னு அச்சுல வந்துருச்சுல்லா? இப்ப ஒருத்தரும் வாயத் திறக்கல.”

“நான் எழுதினது பொய்ம்மா. திருத்தம் போடணும்.”

“வேண்டாம் சார்.” அவள் முகம் மாறிவிட்டது. “போட்டா மறுபடியும் என்னைக் கிழிச்சுருவாங்க.”

தேவசகாயம் திரும்பி வந்தான்.  சுஹராவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

“திருத்தினா அவங்களுக்குக் கஷ்டம். திருத்தாம விட்டா நான் பொய்யன். என்ன செய்யட்டும்?”

“அவங்க ஏன் அழலை?”



“கேட்கலையே மேடம்.”

சுஹரா கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுபடியும் பஸ். இந்த முறை அவன் பேனாவைக்கூட எடுக்கவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து கேட்டான். பேச்சியம்மாள் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

“அத்தைக்கு நெஞ்சுல ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் இவுக போயிட்டாக. அத்தைக்கு இவுக ஒரே பிள்ளை. அதிர்ச்சியா எதையும் சொல்லிராதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். மத்தியானம் ஆனா நான்தான் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போகணும். அழுதா கண்ணு வீங்கிருமே சார். அத்தை பார்த்தவுடனே கேப்பாகளே. வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் எப்பவும்போல பொட்டு வச்சு, பூ வச்சு, சிரிச்ச முகமாப் போயிட்டு வந்தேன். கேட்டதுக்கு, வெளியூர்ல வேலை, வந்துருவாகன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன்.”

“இதை ஏன் சொந்தக்காரங்ககிட்ட சொல்லலை?”

“அத்தைக்குத் தெரிஞ்சா, தன்னாலதான் நான் ஏச்சு வாங்கினேன்னு மருகுவாக.”

“இதை நான் எழுதலாமா?”

அவள் யோசித்தாள். “எழுதிட்டு வந்து வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்.”

எழுதுவது அவ்வளவு சுலபமாக இல்லை. அழகான வார்த்தை ஒன்று வந்து விழும்போதெல்லாம் இதை யார் பார்த்தது என்று தன்னையே கேட்டான். அந்த வார்த்தையை அடித்தான். மிஞ்சியது கொஞ்சம்தான். அதில் முதல் வரி, ‘பேச்சியம்மாள் அழவில்லை, அழுததாக நான் எழுதியது பொய்.’

வாசித்துக் காட்டப் போனபோது சுஹராவும் கூட வந்தார்.

உள்ளே கட்டிலில் மாமியார் வடிவு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று பேச்சியம்மாள் சைகை காட்டினாள். தேவசகாயம் மெல்லிய குரலில் வாசித்தான். பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

வாசித்து முடித்தான்.

“ஏட்டி பேச்சி.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“முழிச்சா இருக்கீக அத்தை?”

“என் பிள்ளை போனது எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. அடுத்த கட்டில்காரி சொல்லிட்டா.”

பேச்சியம்மாள் நிமிர்ந்தாள்.

“நீ பூ வச்சுக்கிட்டு வந்து நின்ன. நான் அழுதா நீ அங்கேயே விழுந்துருவன்னு தோணிச்சு. மீன்குழம்புல உப்பில்லைன்னு உன்கூட சண்டை போட்டேனே, நெனைவிருக்கா? உப்பு சரியாத்தான் இருந்துச்சு. சண்டை போடலைன்னா நீ கண்டுபிடிச்சிருப்ப.”

“அத்தை...”

பேச்சியம்மாள் எழுந்து போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். கிழவியின் கை அவள் தலையைத் தேடி வந்தது.

 சுஹரா எப்போதோ வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். தேவசகாயம் தாள்களோடு வாசலுக்கு ஓடி வந்தான்.

“மேடம், இதையும் எழுதினா...”

“கதவைச் சாத்திட்டு வாங்க,” என்றார் சுஹரா.