கேட்காதவருக்கும் ஒரு டீ

இருதயராஜுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடம் வயரிங் வேலை பார்த்தவர். முழங்கால் ஏணி ஏற மறுத்ததும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த பர்வீனுக்கு இருபத்தெட்டு. இவருக்கு அவர் டீச்சர்; அவருக்கு இவர் அண்ணாச்சி.

இருதயராஜ் எழுதிய முதல் புரோகிராம் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்குப் போனது. நோயாளிக்கு மதியம் என்ன சாப்பாடு? திரையில் மூன்று வட்டங்கள்: சாதாரணம், உப்பில்லாதது, கஞ்சி. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். நர்ஸ் வட்டத்தைக் கிளிக் செய்ததும் பெயர் சமையலறைப் பட்டியலில் ஏறும். பெரும்பாலோருக்குச் சாதாரணம்தான் என்பதால், அந்த வட்டத்தில் முன்கூட்டியே புள்ளி வைத்திருந்தார்.

முதல் நாளே பதினோரு பேருக்குச் சாப்பாடு வரவில்லை. எல்லோரும் சாதாரணம். மூன்று மணிக்கு வெளியே ஆளனுப்பி வாங்கிக்கொடுத்தார்கள். நாளையும் இப்படியென்றால் கையால் எழுதும் பழைய நோட்டுக்கே போய்விடுவோம் என்று வார்டிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை இருதயராஜ் பர்வீன் முன் வந்து உட்கார்ந்தார்.

"புள்ளி இருக்கு டீச்சர். சேமிச்சும் இருக்காங்க. பேரு மட்டும் போகல."

"நர்ஸ் என்ன செஞ்சாங்க?"

"புள்ளி சரியாத்தானே இருக்குன்னு தொடாம விட்டுட்டாங்க. அது மேலயும் ஒரு தடவை கிளிக் பண்ணுங்கன்னு எழுதி ஒட்டிரலாமா?"

பர்வீன் எழுந்து டீக்கடை வரை போய் வந்தார்.

பதினொரு மணிக்கு டீக்கடை செல்லத்துரை தூக்குவாளியோடு வந்தார்.

"காபி யாருக்கு?"

வழக்கமான கேள்விதான். அறையில் இருந்தவர்களில் இரண்டு பேர் கை தூக்கினார்கள். இரண்டு காபியை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"ஏ செல்லத்துரை, என் டீ எங்கடே?" என்றார் இருதயராஜ்.

"நீரு கேக்கலியே."

"என்னைக்குடே கேட்டிருக்கேன்? எட்டு மாசமா நான் சும்மா இருக்கேன், நீ டீயை வச்சிட்டுப் போற. காபின்னு சொல்லலேன்னா டீதானே!"

"வாயத் தொறந்தவங்களுக்கு மட்டும் குடுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. என்னைய ஏன் வையுதீரு?"

அறையே சிரித்தது. இருதயராஜ் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார்.

அரை மணி நேரத்தில் மாற்றி எழுதினார். வட்டத்தின் மேல் கிளிக் விழுமா என்று இனி காத்திருக்க வேண்டாம். 'சேமி' என்று அழுத்தும்போது புள்ளி எங்கே இருக்கிறதோ, அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்.

ஒன்றேகாலுக்கு வார்டிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வைத்தார்.

"எல்லாருக்கும் சாப்பாடு வந்துருச்சாம். நோட்டு வேண்டாமாம்."

"நல்லது."

"நேத்து பதினோரு பேரை மூணு மணி வரை பட்டினி போட்டுட்டேனே, டீச்சர். இந்த வயசுல எனக்கு இதெல்லாம் வருமா? பேசாம வயரிங்குக்கே போயிரவா?"

செல்லத்துரை இரண்டாம் முறை கொண்டுவந்து வைத்திருந்த டீயை பர்வீன் அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்னோட முதல் புரோகிராம்ல பட்டினி கிடந்தது பதினேழு பேரு, அண்ணாச்சி."