மஞ்சாடியும் மொச்சையும்

ஆதிமூலத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. ஊரில் ஜெராக்ஸ் கடை. இனி வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று மடத்துக்கு வந்து காவி கேட்டார்.

மடத்தின் தலைவி யோகாம்பாள் அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு முன்பு கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர்.

"வீட்டில் என்ன குறை?"

"என் மனைவி செங்கமலம் தலைமை ஆசிரியை, தாயே. என்னைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறாள். தெருவில் எனக்குப் பெயரே கிடையாது. ஹெச்.எம். வீட்டுக்காரராம்! தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டால் உடம்பெல்லாம் எரிகிறது. இந்தத் தலையெழுத்து எனக்கு மட்டும் ஏன்?"

"உங்களுக்கு மட்டும்தானா?"

"வேறு எவனுக்கு இருக்கிறது?"

அன்று பௌர்ணமி அன்னதானம். வழக்கப்படி ஆண்களுக்கு ஒரு பந்தி, பெண்களுக்கு ஒரு பந்தி. கணவனைக் கூட்டிப்போக வந்த செங்கமலமும் சாப்பிட உட்கார்ந்தாள்.

பந்திக்கு ஒரு பானை வைக்கச் சொன்னார் அம்மை. தம்பதியாக வந்தவர்கள் மட்டும் போட வேண்டும். கணவனுக்கு வருமானம் அதிகம் என்றால் ஒரு சிவப்பு மஞ்சாடி விதை, மனைவிக்கு அதிகம் என்றால் ஒரு வெள்ளை மொச்சை. பெயர் சொல்ல வேண்டாம்.

ஆதிமூலமும் போட்டார். பிறகு தண்ணீர் ஊற்றும் சாக்கில் பெண்கள் பக்கம் போய், தூணோரம் நின்று மனைவியின் கையையே பார்த்தார்.

பந்தி முடிந்தது.

"ஆண்கள் பானையில் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்."

மஞ்சாடி. மறுபடியும் மஞ்சாடி. பானையைக் கவிழ்த்தார். அத்தனையும் சிவப்பு.

"பார்த்தீர்களா தாயே, நான் சொன்னேனே!"

"உங்கள் மொச்சை எங்கே?"

ஆதிமூலம் தரையைப் பார்த்தார். "நானும் மஞ்சாடிதான் போட்டேன்."

"சரி, பெண்கள் பானை."

முதலில் வந்ததே மொச்சை. கவிழ்த்து எண்ணினார். மூன்றுக்கு ஒன்று மொச்சை.

"கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீட்டைத் தொட்டால்?"

"மூன்றுக்கு ஒரு வீட்டில் பெண்டாட்டி சம்பளம்தான் கூடுதல். அடப்பாவிகளா, ஒருத்தனும் மூச்சு விடவில்லையே!"

அவர் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"ஆனால் இந்தக் கணக்கும் தப்பு, தாயே. என் கண்ணால் பார்த்தேன். செங்கமலம் போட்டதும் மஞ்சாடிதான். நான் நின்றது அவளுக்குத் தெரியாது. மடத்திலே வந்து பொய்! இவளெல்லாம் ஒரு ஹெச்.எம்.!"

அம்மை விதைகளை அள்ளிப் பானைக்குள் போட்டார்.

"அப்படியானால் மூன்றுக்கு ஒன்று என்பதும் குறைவுதான். பெயர் கேட்காத இடத்தில்கூடக் கணவனை விட்டுக்கொடுக்காதவர்கள் இன்னும் எத்தனை பேரோ."