ஒரு பக்கம் அமுங்கும் மெத்தை

“எந்த மெத்தையில படுத்தாலும் முதுகு வலிக்குது, சாமி. உங்க ஞானத்துல இதுக்கு வழி இருக்கா இல்லையா, சட்டுனு சொல்லுங்க.”

கேட்டவர் மாசிலாமணி. போடியில் ஏலக்காய்த் தரகர். அறுபதைத் தாண்டியவர். மூட்டை தூக்கி மேலே வந்த உடம்பு. கோபம் மட்டும் தூக்காமலே வரும்.

கேட்கப்பட்டவர் கல்மண்டபத்துச் சாமி. தரகரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

தரகர் இவரைக் குருவாகப் பிடித்ததற்கு ஒரே காரணம்தான். மற்ற சாமியார்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். இவர் பேசவில்லை. பேசாதவனிடம்தான் சரக்கு இருக்கும் என்பது தரகரின் அனுபவம்.

சாமி தரையைத் தட்டிக் காட்டினார்.

அன்று தரகர் வெறும் பாயில் படுத்தார். காலையில் எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் ஆள் இல்லை. சுவரைப் பிடித்து, சுவரையே திட்டிக்கொண்டு எழுந்தார்.

வீட்டில் ஏன் ஆள் இல்லை என்பது கடைத்தெருவுக்கே தெரியும்.

மழை தொடங்கிய சமயம். சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் ஒரு மூட்டையைச் சும்மா நகர்த்தப் போனவர் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். மனைவி வேலுத்தாயி ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள். உழைத்தது போதும், இதை யாரிடமாவது விட்டுவிடுங்கள் என்றாள்.

வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலி ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

“நான் சம்பாதிச்சது இது. விடச் சொல்றதுக்கு நீ என்ன சம்பாதிச்ச?”

வேலுத்தாயி சாயங்காலம் ஒரு பையோடு கம்பம் பஸ் ஏறினாள். மகள் வீடு அங்கே.

தரகர் போன் செய்யவில்லை. பேரத்தில் முதலில் வாயைத் திறக்கிறவன் இறங்கி வந்தாக வேண்டும். சின்ன வயதில் அடிபட்டுக் கற்ற பாடம் அது.

அவளும் போன் செய்யவில்லை. அவளுக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

மழை வந்து போயிற்று. மலையில் காய்ப் பறிப்பும் தொடங்கியாகிவிட்டது. தரகரின் முதுகு மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த முறை மண்டபத்துக்கு வந்தபோது தரகர் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். உட்கார்ந்தால் எழ முடியாது.

தரை கொன்றுவிட்டது என்றார். அதற்கு முன்னால் மதுரையில் வாங்கிய ஸ்பிரிங் மெத்தையைப் பற்றிச் சொன்னார். ஒரு பகல் முழுக்க நின்று, கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடும்வரை பேசி வாங்கியது. ஒரே மாதத்தில் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. அப்புறம் தென்னை நார் மெத்தை. டாக்டரே சொன்னார், பலகை மாதிரி நிற்கும் என்று. அதுவும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இந்தக் காலத்தில் எவனிடமும் நாணயம் இல்லை என்று முடித்தார்.

சாமி கேட்டார்.

“என்னிக்காவது நல்லாத் தூங்கியிருக்கீங்களா?”

தரகர் முறைத்தார். பிறகு அவர் முகம் மாறியது.

கல்யாணமான புதிதில் கிட்டங்கிக்கு மேலே ஒரு தகர அறை. பகலெல்லாம் இரண்டு பேரும் கீழே மூட்டை தூக்குவார்கள். அவர் முதுகில் ஒன்று, அவள் தலையில் ஒன்று. ராத்திரி காலிச் சாக்கை விரித்துப் படுப்பார்கள். விடிந்தால் இரண்டு பேர் மேலும் சாக்கு அச்சு. தலைமுடியெல்லாம் ஏலக்காய் வாசம்.

இலவங்காய் வெடிக்கிற பருவம் வந்தது. சாலையோரத்து மரங்களில் இருந்து விழுந்த காய்களை வேலுத்தாயி மடி மடியாகப் பொறுக்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் கொட்டை நீக்கினார்கள். காற்றடித்தது. பஞ்சு பறந்து அவர் தலையெல்லாம் வெள்ளை.

அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து மாடிவரை கேட்டதாம்.

“இப்பவே கிழவனாயாச்சு. இனிமே என்னைய மிரட்ட முடியாது.”

அப்படித்தான் சொன்னாள் என்றார் தரகர். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

இருந்த பஞ்சுக்கு ஓர் ஆள் படுக்கிற மெத்தைதான் வந்தது. அதில் இரண்டு பேர். ஒருவர் புரண்டால் மற்றவரும் புரண்டாக வேண்டும். சில ராத்திரி அதற்கே சண்டை வரும். வாரா வாரம் வெயிலில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று தட்டுவார்கள்.

“அதுல படுத்தா எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது, சாமி.”

“அந்தப் பஞ்சுலயே ஒண்ணு வாங்குங்க.”

தரகர் நேராக மஸ்தான் ராவுத்தர் மெத்தைக்கடைக்குப் போனார். ஒரு பிடி பஞ்சை எடுத்துக் கசக்கினார், ஊதினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏலக்காயைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதனால் துணியைக் குறை சொன்னார்.

என்ன அளவு என்று ராவுத்தர் கேட்டார்.

இரண்டு ஆள் அளவு என்று வாயில் தானாக வந்தது. பிறகு பேரம் நடந்தது. கடைசியில் ராவுத்தர் தரகரின் கையைப் பிடித்துக்கொண்டு, கொண்டுபோங்கள், இத்தோடு என்னை விடுங்கள் என்றார்.

முதல் சில நாட்கள் சொர்க்கம்.

பிறகு ஒரு பக்கம் அமுங்கியது.

தரகர் காலையிலேயே ஒரு மினி லாரியைக் கூப்பிட்டார். மெத்தையைச் சுருட்டி ஏற்றச் சொன்னார். ராவுத்தர் கடை வாசலில் வீசி எறிய வேண்டும். ஆனால் அதற்கு ஒரு சாட்சி வேண்டும். ஊர் நம்புகிற சாட்சி.

லாரி கல்மண்டபத்தில் நின்றது.

மண்டபத்து வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த முத்தாலம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன தரகரே, சாமிக்குச் சீர் கொண்டாந்தீகளா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தரகர் காதில் வாங்கவில்லை. டிரைவரும் இன்னொருவரும் மெத்தையைக் கல்தரையில் விரித்தார்கள்.

வலது பக்கம் வாய்க்கால் மாதிரி பள்ளம். இடது பக்கம் தைத்த அன்று இருந்தபடியே புசுபுசுவென்று நின்றது.

“பாருங்க சாமி. ஒரு பக்கம் பஞ்சக் குறைச்சு அடைச்சிருக்கான். நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொல்லணும். உங்க பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டான்.”

சாமி மெத்தையைச் சுற்றி நடந்தார். குனிந்து பள்ளத்தைத் தடவினார்.

“படுங்க.”

“இங்கயா?”

சாமி மெத்தையைக் காட்டினார்.

தரகர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முனகியபடி படுத்தார். வலது ஓரத்தில், வெளிப்பக்கம் பார்த்து, ஒரு கை மெத்தைக்கு வெளியே தொங்க. உடம்புக்கு அளவெடுத்தது போலப் பள்ளம் அவரை வாங்கிக்கொண்டது.

“உள்ள தள்ளிப் படுங்க.”

தரகர் ஒரு சாண் நகர்ந்தார்.

“இன்னும்.”

“அவ்வளவுதான் வரும்.”

“அங்கிட்டு இவ்வளவு எடம் சும்மாத்தானே கெடக்கு?”

கொஞ்ச நேரத்தில், தரகர் அறியாமலே, உடம்பு பழைய பள்ளத்துக்குத் திரும்பிவிட்டது.

சாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மெத்தையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். காலி இடத்தில் மல்லாந்து படுத்துக் காலை நீட்டினார்.

தரகர் எழுந்துவிட்டார். சுவரைப் பிடிக்கவில்லை, தூணைப் பிடிக்கவில்லை. முதுகு என்ன ஆனது என்று அந்த நேரத்தில் அவருக்கே தெரியாது.

“எந்திரிங்க.”

சாமி கண்ணை மூடினார்.

முத்தாலம்மாவின் கை பூவோடு நின்றுவிட்டது. இத்தனை நாளில் தரகர் சாமியிடம் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

“சாமியாச்சேன்னு பாக்குறேன். எந்திரிச்சிருங்க.”

“வெறும் எடந்தானே, தரகரே.”

“வெறும் எடமா? அது அவ படுக்கிற எடம். நான் கையைக்கூட அங்க வைக்கிறதில்ல.”

சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது போலத் தரகர் நின்றார்.

சாமி மெதுவாக எழுந்தார். தான் படுத்ததில் விழுந்த சுருக்கத்தைக் கையால் நீவி, பழையபடி சரியாக்கினார்.

“சரி. இதை எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?”

தரகர் டிரைவரைப் பார்த்துக் கைகாட்டினார்.

டிரைவர் மெத்தையைச் சுருட்டித் திரும்ப ஏற்றினார். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, ராவுத்தர் கடைக்குத்தானே என்று கேட்டார்.

“கம்பம்.”

“கம்பமா? அதுக்கு வாடகை ஜாஸ்தியாகுமே, அண்ணே.”

தரகர் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.